பன்னிரண்டாவது மைல்

குமாஸ்தா: இல்லம்மா, நாலு நாளா தேடிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் படகு எங்க கடல்ல இல்ல.

அண்ணி: உங்க கடலா? கடல்ல யார் பேர் எழுதியிருக்கு?

குமாஸ்தா: கரையிலேர்ந்து பன்னிரண்டு மைல் மாகாணத்துது. அதுக்கு அந்தப் பக்கம் மத்திய அரசோடது.

கொழுந்தன்: தண்ணிக்கு அது தெரியுமா சார்?

குமாஸ்தா: தண்ணிக்குத் தெரிய வேண்டாம்பா. ஃபைலுக்குத் தெரியணும்.

அண்ணி: எதிர்க் கட்டடத்துல, மத்திய அரசு ஆபீஸ்ல கேட்டோம்... அவங்ககிட்ட ஹெலிகாப்டர் இருக்காமே.

குமாஸ்தா: இருக்கு. எங்ககிட்ட ரெண்டு படகு. அதுலயும் ஒண்ணு ரிப்பேர்.

கொழுந்தன்: அப்ப அவங்களைத் தேடச் சொல்லுங்களேன். எங்களைப் பார்த்ததும், மாகாணத்துகிட்ட போங்கன்னு விரட்டுறாங்க.

குமாஸ்தா: பின்ன? மனுவுல 'கடைசியாப் பார்த்தது பத்தாவது மைல்'னு எழுதியிருக்கீங்க. பத்து எங்களுது. படகு அந்தப் பன்னிரண்டு மைல் கோட்டைத் தாண்டிச்சுன்னு யாராவது சொன்னாத்தான் நான் அங்க கடுதாசி அனுப்ப முடியும்.

கொழுந்தன்: சொன்னா...?

குமாஸ்தா: பெர்மிட் ரத்து. அண்ணன் தம்பி ரெண்டு படகும் ஒரே பெர்மிட்தானே? மாகாணம் கொடுத்தது, பன்னிரண்டோட சரி. நீங்கதான் தாண்டலியே, அப்புறம் என்ன பயம்? தேடினது போதும்னு இதுல ஒரு கையெழுத்து போட்டு வைங்கம்மா. டீ குடிச்சுட்டு வந்துடறேன்.

கொழுந்தன்: ...அண்ணி, போடாதீங்க.

அண்ணி: பேனா எழுதல தம்பி. கொஞ்சம் உதறிக் கொடுங்க.

கொழுந்தன்: பேனா கிடக்கட்டும். நான் ஒண்ணு... அன்னிக்கு அண்ணன் என் படகை ஒட்டிப் போகும்போது கேலி பண்ணாரு. 'நீ பொண்டாட்டிக்குத்தான் பயப்படுறேன்னு பார்த்தா, கோட்டுக்குமாடா'ன்னு...

அண்ணி: அவர் வாய் அப்படி.

கொழுந்தன்: புள்ளியா மறையற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன். பன்னிரண்டுக்கு அந்தப் பக்கம், அண்ணி. பத்துன்னு நான் சொன்னது பொய்.

அண்ணி: ம்.

கொழுந்தன்: பெர்மிட் போயிட்டா ரெண்டு வீட்லயும் உலை வைக்க முடியாது. அவர் எப்படியும் திரும்பிடுவாருன்னு நெனச்சேன்... திட்டுங்க அண்ணி. செருப்பால அடிங்க. இப்படி சும்மா உட்கார்ந்திருக்காதீங்க.

அண்ணி: அடிச்சு என்ன ஆகப் போகுது தம்பி.

கொழுந்தன்: குமாஸ்தா வந்ததும் சொல்லிடறேன். நாலு நாள்தானே... ரெண்டு கேன் தண்ணி இருந்திருக்கும்...

அண்ணி: ஒண்ணுதான். இன்னொண்ணு வீட்லயே இருக்கு.

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: அன்னிக்கு மத்தியானம் வீட்டு வயர்லெஸ்ல கூப்பிட்டார். 'பதினேழாவது மைல்ல நிக்கறேன், எஞ்சின் மக்கர் பண்ணுது, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவேன். எவன் கேட்டாலும் கோட்டுக்கு உள்ளன்னே சொல்லு. தம்பிகிட்ட மூச்சு விடாத, பயந்தாங்கொள்ளி, உளறிடுவான்'னார்... நீங்க பத்துன்னதும், தெரிஞ்சே அதை அந்த மனுவுல நான்தானே தம்பி என் கையால எழுதினேன்.