களத்தின் மேல் போட்ட சாலை

பஞ்சாயத்து போர்டின் தலைவராக இருந்தும் இங்கே வந்து அவைத்தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் வெள்ளத்துரை அவர்களே, போர்டின் மற்ற உறுப்பினர்களுக்கென்று முன்வரிசையில் இட்டு இந்நேரம் வரை காலியாகவே கிடக்கும் நாற்காலிகளே, கடையடைத்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, கரிசல் தூசியை உதறக்கூட நேரமின்றி ஓடிவந்திருக்கும் உழவர் குடியின் மூத்தோரே, வலப்புறம் தரையில் அமர்ந்து, இந்தக் கிழவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே எண்ணத் தொடங்கியிருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

இன்று 1954-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அச்சிட்ட அறிக்கையில் 27 என்று இருக்கிறது. அது பிழை. நேற்று வந்து வெற்றுத் திடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் அச்சகத்தாரைக் கேளுங்கள், என்னைக் கேளாதீர்கள். இருப்புப்பாதை நிலைய அதிபராக இருந்து தலை நரைத்தவன் நான். நாள் பிசகினால் வண்டி பிசகும், வண்டி பிசகினால் வாழ்வு பிசகும் என்று அறிந்தவன்.

நாளை, மார்ச் முதல் தேதி திங்கட்கிழமை, போர்டு கூடுகிறது. எடுத்துக்கொள்ளும் தீர்மானம் ஒன்றே ஒன்று. ஊர் நடுவே ஓடும் புதுச்சாலையில் இனி பஸ் ஓடக்கூடாது, நிற்கவும் கூடாது. பஸ் நிலையம் ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு மைல் தள்ளிப் போகவேண்டும். காரும் லாரியும் தடையின்றிப் பறக்கவேண்டும். இதுதான் தீர்மானம். நான் கேட்பது இதற்கு நேர் எதிர். காரும் லாரியும் ஊருக்கு வெளியே சுற்றிப் போகட்டும். பஸ் ஊருக்குள் ஓடட்டும். புதுச்சாலையின் தாரைப் பெயர்த்தெடுங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போட்ட சாலையைப் பெயர்ப்பவன் பித்தன்தான். அப்படியானால், ஊர் கூடிப் போர் அடித்த களத்தைப் பெயர்த்தவனுக்கு என்ன பெயர்?

1950-ஆம் ஆண்டு ஜூலை 10, திங்கட்கிழமை. புதுச்சாலை திறந்த நாள். சாலைமுனையில் நட்ட கல்லில் பதினொன்று என்று பொறித்திருக்கிறார்கள். அதுவும் பிழை. அன்று பூரணகும்பம் எடுத்தோம். மேளம் கொட்டினோம். நம் தலைவர் அவர்களுக்கு விழுந்த மாலை அவர்தம் காது வரை ஏறியது. எல்லாரும் சாலையின் அழகைப் பார்த்தோம். சாலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் யார்? தெற்கே, ஊர் முடியும் இடத்தில், ஐந்து தெருக்காரர்களும் முறை வைத்துப் போர் அடித்த பொதுக்களம் இருந்தது. பாறைபோல் இறுகிய தரை. சாலைக்கு அடித்தளம் போட அதைவிட நல்ல தரை கிடைக்காது என்றார் இன்ஜினியர். உண்மையே சொன்னார். அந்த உறுதி யாருடைய கால்கள் மிதித்து வந்த உறுதி என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை.

களம் போயிற்று. காணம் போகவில்லை. பட்டணத்தார் கொள்ளு என்று சொல்லும் அந்தக் காணம் ஆண்டுதோறும் விளைந்துகொண்டுதான் இருந்தது. உழவன் என்ன செய்வான்? எங்கே அடித்தானோ அங்கேயே கொண்டுவந்தான். மண்ணாக இருந்த களம் தாராக மாறியிருந்தது, அவ்வளவுதான். அறுத்த செடியைச் சாலையில் பரப்பினான். மேலே ஏறி மிதிக்க மாடு இல்லை, பஸ் இருந்தது.

(பின்வரிசையில் யாரோ, "ஆமா, ஆமா" என்கிறீர்கள். நீங்கள் பரப்பியவர்தாமே. தெரியும்.)

காலை வண்டியை ஓட்டிவருகிறவர் இசக்கிப்பாண்டி. செடி பரப்பிய இடம் வந்ததும் மாட்டைத் தட்டிக்கொடுப்பது போலத் தம் வண்டியைத் தட்டிக்கொடுத்து மெல்ல ஏற்றுவார். ஒருநாள் அந்த வண்டியில் நானும் இருந்தேன். செடி பரப்பியிருந்த பூமாரி, அதைப் புரட்டிப்போடும் கவைக்கம்போடு சாலையோரம் நிற்கிறாள். இவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏட்டி பூமாரி, காணம் உனக்கு, தேயுத டயர் எனக்கா? ஒரு படி அளந்து வச்சுரு, கேட்டியா."

"சக்கரத்துக்குக் கூலி கேட்ட மொத ஆளு நீருதான் அண்ணாச்சி. மாடு மிதிச்சா வைக்கோலு போடலாம். உம்ம வண்டிக்கு என்னத்தப் போட?"

கண்டக்டர் ஹபீப் முகம்மது, கடையநல்லூர்க்காரர், சும்மா இருப்பாரா? "குதிர திங்குத காணந்தான? எஞ்சின்ல ரெண்டு பிடி போடு தாயி. அப்பவாது இந்த மனுசன் கொஞ்சம் வெரசா ஓட்டுதாரான்னு பாப்போம்."

வண்டி முழுதும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் காணம் உதிர்ந்தது. சந்தைக்குப் போகிறவள் சந்தைக்குப் போனாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். எவர்க்கும் நேரம் கெட்டதாக எவரும் சொல்லவில்லை. வண்டி நேரத்தில் நான் எத்தனை கறாரானவன் என்பதை ஊர் அறியும். நானே சொல்லவில்லை.

1953-ஆம் ஆண்டு பிப்ரவரி 5, வியாழக்கிழமை. நந்தன வருஷம், தை மாதம். பஸ் கடந்து போய்விட்டது. நொறுங்கிய செடியைப் புரட்டிப்போடப் பூமாரி சாலையில் இறங்கினாள். வடக்கேயிருந்து வெளியூர் மோட்டார் கார் ஒன்று வந்தது. வந்த வேகம் தெரிந்தவர் எவருமில்லை. ஓட்டியவருக்கே தெரியாது. இந்த ஊர் அவருக்கு ஊரன்று. இரண்டு ஊர்களுக்கு இடையே கிடக்கும் இடைஞ்சல். செடியைக் கண்டு பிரேக்கை மிதித்தார். உதிர்ந்த காணத்தின்மேல் டயர் நிற்குமா? வழுக்கியது. வழுக்கி வந்து பூமாரியின் வலக்காலைக் கணுக்காலோடு நசுக்கிவிட்டு நின்றது.

காரை விட்டு அவர் இறங்கினார். இறங்கி முதலில் பார்த்தது தம் காரின் விளக்கை. பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ரோடுன்னா உங்க அப்பன் வீட்டுக் களமா?"

குருதி வழிய, கம்பைப் பற்றிக்கொண்டு கிடந்தவள் பதில் சொன்னாள்.

"ஆமய்யா. எங்க அப்பன் களந்தான். ஒங்க அப்பனுக்கு முந்தியே களந்தான்."

தாய்மார்களே, இந்தச் சாலையைப் பற்றி இதைவிடத் தெளிவாக எவரும் பேசியதில்லை. இனி நான் பேசுவதும் அதற்கு உரைதான்.

கார் போய்விட்டது. திரும்பி வந்த இசக்கிப்பாண்டி பஸ்ஸை நிறுத்தினார். பயணிகள் தாமாகவே இறங்கினார்கள். நீளப் பலகையில் அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தப் பஸ்தான். கால் பிழைத்தது, நடை பிழைக்கவில்லை. இன்று அவள் மிளகாய்ப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுசெல்வது அந்தப் பஸ்ஸில். வாசலில் ஏறி, சந்தை வாசலில் இறங்குகிறாள். நாளை அந்தப் பஸ் ரயில்வே கேட்டுக்கு அப்பால் நின்றுவிட்டால், ஊன்றுகோலும் பெட்டியுமாக, கார்களுக்கு நடுவே ஒரு மைல் அவள் எப்படி வருவாள்? வரமாட்டாள். வீட்டிலேயே இருந்துவிடுவாள். சாலை இன்னும் சற்று வேகமாக ஓடும்.

அம்மா பூமாரி, நீங்கள் எழவேண்டாம். உட்கார்ந்தே இருங்கள். எல்லார்க்கும் தெரியும்.

விபத்துக்கு விசாரணை நடந்தது. விசாரித்து என்ன கண்டார்கள்? பஸ் மெதுவாகப் போகிறபடியால்தான் சனங்களுக்குச் செடி பரப்பும் துணிவு வந்ததாம். ஆகவே குற்றவாளி பஸ். காலை நசுக்கிய கார் அன்று, காலைத் தாங்கிய பஸ். ஆகவே நாளைய தீர்மானம். அன்பர்களே, மருந்தைக் கொட்டிவிட்டு நோயைப் பாய் விரித்துப் படுக்கவைக்கும் மருத்துவம் இது.

என்ன? உரக்கச் சொல்லுங்கள் தம்பி. "லாரிய வெளிய வெரட்டிட்டா பருத்தி எங்கன போவும் அண்ணாச்சி?" நல்ல கேள்வி. இந்த ஊரில் ரயில் நிலையம் என்று ஒன்று உண்டு. சரக்கு வண்டி என்று ஒன்றும் உண்டு. புதுச்சாலைக்கு முன்னால் நம் பருத்தி அதில்தான் போயிற்று, பொதி குறையாமல், எவர் காலும் நசுங்காமல். லாரி வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே குளக்கரை ஓரமாகச் சுற்றிப் போகட்டும். கால் மணி நேரம் கூடுதலாகும். லாரிக்குக் கால் மணி பெரிதா, பூமாரிக்குக் கால் பெரிதா?

கொஞ்சம் பொறுங்கள். லாரி ஒன்று வருகிறது. ஒலிபெருக்கியை விட அதற்குக் குரல் பெரிது. போகட்டும். தான் சொல்லவேண்டியதை அதுவும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

போய்விட்டதா? பார்த்தீர்களா, நின்றதா? வாங்கியதா, விற்றதா, ஒருவரை இறக்கியதா, ஒருவரை ஏற்றியதா? நம் நடுவீதியில் புகுந்து, நம் பேச்சை நிறுத்தி, நம் முகத்தில் புழுதி இறைத்துவிட்டுப் போயிற்று. இதற்காகவா களத்தைக் கொடுத்தோம்? இதற்காகவா கும்பம் எடுத்தோம்? பெரிய பட்டணங்களும் இப்படியே சாலையை அகலமாக்கி அகலமாக்கி வருவதாகக் கேள்விப்படுகிறேன். அகலமாக்கட்டும். ஊருக்குள் வருகிறவனுக்குப் பஸ் போதும், ரயில் போதும். ஊரைத் தாண்டிப் போகிறவனுக்குத்தான் அகலச்சாலை வேண்டும். தாண்டிப் போகிறவனுக்காக நாம் ஏன் நடுவீட்டைத் திறந்துவைக்கவேண்டும்?

நாளை நாம் வெல்வோம் என்று சொல்ல நான் வரவில்லை. காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலிகளைப் பாருங்கள். யார் பக்கம் எத்தனை கை உயரும் என்பது அவற்றுக்கே தெரியும். நம் தலைவர் அவர்களின் கை எந்தப் பக்கம் உயரும் என்று நான் கேட்கவில்லை. இங்கே வந்து அமர்ந்ததற்கு நன்றி மட்டுமே சொல்கிறேன்.

ஆனால் தாய்மார்களே, இது காணம் அறுக்கும் காலம். உங்கள் வீடுகளில் செடி காய்ந்து கிடக்கிறது. நாளைக் காலை அதைக் கொண்டுவாருங்கள். போர்டு கூடும் நேரத்தில், பழைய களம் இருந்த இடத்திலிருந்து சந்தை வாசல் வரை, அதே சாலையில் பரப்புங்கள். சென்ற ஆண்டுபோல ஒருத்தி தனியே நிற்கவேண்டாம், எல்லாரும் நில்லுங்கள். வடமுனையில் நான் நிற்பேன். என்னிடம் ஒரு சிவப்புக் கொடி இருக்கிறது. போலீசார் அஞ்சவேண்டாம், அது கட்சிக்கொடி அன்று, ரயிலை நிறுத்துகிற கொடி. வருகிற காரையும் லாரியையும் அது நிறுத்தும். பச்சைக் கொடியும் ஒன்று வைத்திருக்கிறேன். அதை ஒரே ஒரு வண்டிக்குத்தான் காட்டுவேன். காலை வண்டி வரும். இசக்கிப்பாண்டி மெல்ல ஏற்றுவார். காணம் உதிரும். கூட்ட அறையின் சன்னல் அந்தச் சாலையைப் பார்த்தே இருக்கிறது. கையைத் தூக்குகிறவர்கள் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே தூக்கட்டும்.

பூமாரி அம்மாள் ஏதோ சொல்கிறார்கள். அருகில் இருப்பவர் எடுத்துச் சொல்லுங்கள். என்னது?

"எங் கவைக்கம்பு இன்னும் வீட்லதான் கெடக்கு. நாளைக்கு எடுத்தாரேன்."

நல்லது அம்மா. எனக்கு இனிப் பேச்சில்லை.

புழுதியிலும் எழாமல் இருந்து கேட்ட உங்கள் பொறுமைக்கும், மாலைக்குக் கழுத்தை நீட்டியது போலவே என் கடுஞ்சொல்லுக்கும் காது கொடுத்த தலைவர் அவர்களின் பெருந்தன்மைக்கும், நாளைக் காலை வண்டி தவறாமல் வரும் என்று எனக்கு வாக்குத் தந்திருக்கும் இசக்கிப்பாண்டிக்கும் நன்றி கூறி, நாளை களத்தில் காண்போம் என்று கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.