இரண்டாம் அறை இறால்

டீ நன்றாகவே இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன். என்னை யாரும் மிரட்ட வேண்டியதில்லை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

பெயர் புருஷோத்தமன், ஊர் படப்பை. ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவே வயல்காட்டில் நிற்கிறதே இறால் கம்பெனி, அதில் குளிர் அறைகள் என் பொறுப்பு. கடற்கரையிலிருந்து ஐஸில் வரும் இறாலைச் சுற்றுப்பட்டுப் பெண்கள் தலை கிள்ளி, ஓடு உரித்து, கழுவிக் கொடுப்பார்கள். அதை உறையவைத்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, மைனஸ் பதினெட்டு டிகிரியில் அடுக்கிவைப்போம். பிறகு குளிர் கண்டெய்னரில் மெட்ராஸ் துறைமுகம். அங்கிருந்து கப்பலில் ஜப்பான். என் கையால் பூட்டி அனுப்பிய சரக்கு ஒன்றுகூட அங்கிருந்து திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வரும், மன்னிக்க வேண்டும்.

இந்த ஐப்பசிக் கடைசியில் பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் மறுநாள் என் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம், மாப்பிள்ளை முறைக்கு நான் நிற்காவிட்டால் என் பெண்டாட்டி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். ஜெனரேட்டரை வாட்ச்மேன் கையில் விட்டால் டீசல் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும். அதனால் நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் தங்கும். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். என்ன, அவர்கள் ஒரு ராத்திரி மட்டும்தான் நிறுத்திவைப்பார்கள். எனக்குத் திரும்பி வரத் திங்கட்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

முதல் அறை தப்பித்தது. இரண்டாம் அறையில் பெட்டிகள் நனைந்து தொங்கின. ஜெனரேட்டரைப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமைக்குள் எல்லாம் பழையபடி கல்லாக உறைந்துவிட்டது. நனைந்த பெட்டிகளை நானே மாற்றினேன். பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. இறாலில் ஒரு வசதி, ஐயா. உறைந்துவிட்டால் நாற்றமும் சேர்ந்து உறைந்துவிடும்.

ஒன்றைத்தான் மறந்துபோனேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அறையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அந்த ஐஸின்மேல் ஒரு நாலணாவை வைப்போம். அறை சூடேறினால் ஐஸ் உருகி, காசு அடிக்குப் போய்விடும். மறுபடி உறைந்தாலும் அது மேலே வராது. எத்தனை வேலைக்கு நடுவில் எதை எல்லாம் ஞாபகம் வைப்பது, சொல்லுங்கள். அந்த டம்ளர் அப்படியே மூலையில் இருந்தது.

அமலா அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தாள். பேக்கிங்கில் இருப்பவள், யாக்கோபு என்கிற கொத்தனாரின் பெண்டாட்டி. கெட்டவள் என்று சொல்லமாட்டேன். வேலையில் சுத்தம், வாய்தான் நீளம். எல்லாப் பெண்களும் மேசையைச் சுற்றி நிற்கும் நேரத்தில் டம்ளரைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இன்னா சார் இது, காசு அடில கீது? ரெண்டாம் ரூம்பு சரக்கு உருகிக்கீது சார். இத்த கப்பல்ல ஏத்தாதீங்க. அங்கயும் கொயந்த குட்டிங்கதான துண்ணும்?"

நான் சிரித்தேன். எவளோ டம்ளரைக் கை தவறி வெளியே வைத்திருப்பாள் என்றேன். அவள் விடவில்லை. முதலாளி ரகுபதி சார் கண்டெய்னர் ஏற்ற வரும்போது அவரிடமே கேட்கிறேன் என்றாள். நாற்பது பெண்கள் முன்னால், ஐயா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வருஷமாக 'சார்' என்று அழைத்த வாய்களெல்லாம் முந்தானைக்குள் சிரிப்பதுபோல இருந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. கோபப்பட்டு ஒரு வார்த்தை பேசியதாக ஒருத்தி சொல்லட்டும்.

யோசித்தேன். சரக்கு கெட்டுவிட்டது என்கிறாள், கெடவில்லை என்கிறேன். யாராவது சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துபோகும். முகம் தெரியாத ஜனங்களுக்குக் கப்பலேற்றி அனுப்புகிறோம், அவர்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அதனால் இரண்டாம் அறையிலிருந்து இரண்டு பெட்டி எடுத்து, மறுநாள் மத்தியானம் எல்லாருக்கும் இறால் குழம்புச் சாப்பாடு என்று அறிவித்தேன். கண்டெய்னர் அதற்கும் மறுநாள்தான் வருகிறது. சமையல்காரன் கோதண்டத்திடம் புளியும் பூண்டும் தாராளமாகப் போடச் சொன்னேன். இறால் இளகி வரும்போது அவன் ஒரு மாதிரி முகத்தைச் சுளித்தான். மஞ்சள் தூள் போட்டுக் கழுவச் சொன்னேன்.

எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. ஒருத்தி கையும் இலைக்குப் போகவில்லை. அத்தனை பேரும் அமலாவைப் பார்த்தார்கள்.

"கம்பெனி சரக்குமேல் நம்பிக்கை இருக்கிறவர்கள் சாப்பிடலாம். இல்லாதவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு வரவேண்டாம்" என்றேன்.

கிளியம்மாள் என்கிற வயசானவள் அழ ஆரம்பித்தாள். "புருசன் இல்லாதவ சார் நானு. வேலைய புடுங்கிகினா எங்க போவேன்?" என்று சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். அமலா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்கள வுட்ருங்க சார். சொன்னவ நான்தான? நா துண்றேன். எங்க அல்லாருக்கும் சேத்து நானே துண்றேன்."

நியாயமாகத்தான் பட்டது. மற்றவர்கள் வேலை போகாது என்று சொல்லி, அவர்கள் இலைகளை எடுத்துவிட்டு ரசம் ஊற்றச் சொன்னேன். கொடுத்த வாக்கை நான் மீறவில்லை, கிளியம்மாளையே கேட்டுப் பாருங்கள்.

அமலாவுக்கு நானே பரிமாறினேன். ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். போதும், எழுந்திரு என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்தாள்போல. நான் இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். எல்லாருக்கும் சேர்த்து என்று அவள்தானே சொன்னாள். மூன்றாம் தடவை வைத்தபோது, "சார், எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது சார்" என்றாள். எனக்கும் இரண்டு பிள்ளைகள் என்றேன். இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்தாள். நடுநடுவே பெட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

இருட்டும் நேரத்தில் யாக்கோபு கம்பெனி கேட்டுக்கு ஓடிவந்தான். வாந்தியும் பேதியும் நிற்கவில்லை, ஆள் துவண்டுவிட்டாள், மழையில் ஒரு வண்டியும் கிடைக்கவில்லை, கம்பெனி வேனைக் கொடுங்கள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று என் காலைப் பிடித்தான். வேன் காலையில் ஐஸ் ஏற்றக் கடற்கரைக்குப் போகவேண்டியது. அதுவுமில்லாமல், கம்பெனி வேனில் போய் இறங்கினால் டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பார். ஊரில் தண்ணீர் கெட்டிருக்கிறது, கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடு என்று சொல்லி அனுப்பினேன். விடிந்தபிறகு யாரோ மாட்டுவண்டியில் கொண்டுபோனார்களாம். ஒரகடம் கூட்டுரோடு தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

சேதி கேட்ட உடனே முதலாளிக்குப் போன் போட்டேன். இரண்டாம் அறைச் சரக்கு வேண்டாம், நானே சோதித்துப் பார்த்துவிட்டேன் என்றேன். உன்னை மாதிரி ஒரு ஆள் கிடைப்பானா புருஷோத்தமா என்றார். எல்லாவற்றையும் பள்ளம் தோண்டிப் புதைத்தோம். ஒரு பெட்டிகூடக் கப்பல் ஏறவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தச் சரக்கால் ஜப்பானில் ஒருவருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை.

காசு அடியில் கிடந்ததைப் பார்த்தபிறகும் சோதனை எதற்கு என்று கேட்கிறீர்கள். சரியான கேள்விதான். சரக்கு கெட்டது எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். அவள் தனியாக வந்து என் காதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே புதைத்திருப்பேன். நாற்பது பேர் முன்னால் சொன்னாள். நாற்பது பேர் முன்னால் சாப்பிட்டாள்.

நான் ஏன் ஒரு வாய் சாப்பிடவில்லை என்றுதானே கிளியம்மாள் உங்களிடம் எழுதிக்கொடுத்திருக்கிறாள். நான் எப்படிச் சாப்பிடுவது? அன்று விடியற்காலையில்தான் கோயிலுக்குப் போய் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தேன். கார்த்திகை ஒன்று. கவுச்சியைத் தொடக்கூடாது. முதல்நாள் கோதண்டத்திடம் குழம்புக்குச் சொல்லிவிட்டு, நேராகக் குருசாமி வீட்டுக்குத்தான் போனேன். அதற்குமுன் எந்த வருஷமும் நான் மாலை போட்டதில்லை, வாஸ்தவம்தான்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன், ஐயா. லாக்கப்புக்குள் போகும்போது இந்த மாலையைக் கழற்றச் சொல்கிறார் ஏட்டையா. அதை மட்டும் சொல்லவேண்டாம். விரதத்தைப் பாதியில் விட்டால் பாவம்.