தொப்பி இல்லாத நாள்

"நெத்திய பாதியாக்கிடுடி. மீதிப் பாதிய நான் பேசியே சமாளிச்சிக்கிறேன்."

ஆயுத பூஜையன்று காலை, கும்மிடிப்பூண்டி ரயிலின் பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். பட்டுப்புடவை கட்டியவள் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். தோழி அவளுடைய முடியோரத்தில் நெற்றியைச் சிறிதாகக் காட்டும் பழுப்பு நிற கான்டூர் பவுடரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடாதடி. பொன்னேரி தாண்டிடுச்சு, இன்னும் ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்குது."

"நெத்தியா இது? பிளாட் போட்டு விக்கலாம். வேலைல தினம் புருவம் வரைக்கும் தொப்பி, மூக்கு வரைக்கும் மாஸ்க். வெளில பாத்துக்கினதே இல்ல. கூட வேல செய்றான்ல, அவன் என் கண்ண மட்டும் பாத்துட்டுக் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டான். பூஜைன்னு இன்னிக்குத்தான் தொப்பி இல்லாம பாக்கப்போறான். ஓடிட்டான்னா?"

"அவனும் தொப்பி போட்டுக்கினுதான வேல செய்றான்? தலைல முடி கீதா, இல்லியா?"

பட்டுப்புடவைக்காரி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தெரிலயேடி."

பிறகு தோழியின் கையிலிருந்த பவுடர் டப்பாவைப் பிடுங்கி மூடினாள்.

"போதும் உடு. மிச்சத்த அவனுக்கு வெச்சிப்போம். அவன் நெத்தி எங்க போயி முடியுதோ, இன்னாவோ."