தலைதீபாவளிக்கு எப்போது அழைப்பது

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஆவணியில் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி.

"கோர்ட்டு கட்டிவச்ச கல்யாணத்த ஓட்டு போட்டு அவுப்பாங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

அவர்கள் மகள் அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில் ஒரு பெண்ணையே கட்டிக்கொண்டாளாம். கோர்ட்டு சரி என்றதை இப்போது அந்த மாநில ஜனங்களின் ஓட்டுக்கு விடுகிறார்களாம்.

"ஜனங்க சொல்றதுதானே சட்டம்? ஓட்டு தீபாவளி கழிச்சுதான். இன்னா வருதுன்னு பாத்துட்டு ரெண்டு பேரையும் அடுத்த தீபாவளிக்குக் கூப்பிடலாம்" என்றார் அவர்.

"நம்ம கல்யாணத்துக்கு ஊர்ல கை தூக்கச் சொல்லியிருந்தா யாரு தூக்கியிருப்பாங்க? வேற ஜாதின்னு உங்கம்மாவே தூக்கியிருக்க மாட்டாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸாலதான் பொழச்சோம்."

"ரிஜிஸ்டர் பண்ணியும் எங்கம்மா உன் கையால தண்ணி வாங்கிக் குடிக்க எத்தன வருஷமாச்சு? அதுக்கு எந்தக் கோர்ட்டு வந்துச்சு?"

"வரலதான். ஆனா அவங்க குடிக்காத அத்தன வருஷமும் நான் உங்க பெண்டாட்டியாத்தானே இருந்தேன்?"

அவர் மெதுவாகக் கேட்டார்.

"தலைதீபாவளின்னா மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணுமே. யாருக்குப் போடறது?"

"ரெண்டு பேருக்கும் போடுங்க."

"ஜாஸ்தியாவுமே."

"கம்மியா போடுங்க. ஆனா இந்தத் தீபாவளிக்கே கூப்பிடுங்க."

"ராத்திரி போன் பண்றேன்" என்றார்.

எந்த நாட்டில் கோர்ட்டு, எதில் ஓட்டு என்பதை நான் மாற்றி எழுதியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.