சனிக்கு முன்னால் ஒரு திருப்பம்

— லாக்கி, முதல்ல வண்டிய நிறுத்து. அப்புறம் பேசு.

— நிறுத்திட்டேன்க்கா. லைட்டு போட்டும் முன்னாடி ஒண்ணும் தெரியல. மத்தியானம் மூணு மணிக்கு இப்படியா இருட்டும்? சிட்னில இருந்து லீவுக்கு வந்தவன் தலையில பிள்ளையையும் வீட்டையும் கட்டிட்டு, நீ பாட்டுக்கு மலை மேல வேலைக்குப் போயிட்டே.

— என்னை அப்புறம் திட்டலாம். டெஸ் எங்கடா?

— இங்கதாம்மா இருக்கேன். மாமா என் மூஞ்சில ஈரத் துண்டைக் கட்டிட்டாரு. நாத்தமா இருக்கு.

— அவுக்காத கண்ணு, அது இருக்கட்டும். லாக்கி, எங்க நிக்கிறீங்க?

— அது தெரிஞ்சா உனக்கு ஏன் ஃபோன் பண்றேன்? உங்க ரோட்டுல ஊர் பேரா இருக்கு? யுரேனஸ்ங்கிறீங்க, நெப்டியூன்ங்கிறீங்க. அந்த போர்டு கூட புகையில தெரிய மாட்டேங்குது.

— இங்க எல்லாருக்கும் அதுதான்டா கணக்கு. மலை மேல இருக்கற எங்க தொலைநோக்கிக் கோபுரம்தான் சூரியன், அங்க இருந்து தூரத்தை அளந்து ரோட்டோரமா கிரகத்துக்கு ஒரு போர்டு வச்சிருக்கு. நிஜத்துல சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் ஒரு அலகு. இந்த ரோட்டுல அது நாலு கிலோமீட்டர். தீயணைக்கிறவங்களும் அப்படித்தான் பேசுவாங்க. இப்பத்தான் விமானத்துல இருந்து சொன்னாங்க, காட்டுத் தீ சனிகிட்ட, ஒன்பதரை அலகுல, ரோட்டைத் தாண்டப் போகுதாம்.

— போச்சு! அப்ப உன்கிட்ட வந்து சேரவே முடியாதா? வீட்டுக்கே திரும்பிடட்டுமா?

— வேண்டாம், வேண்டாம். அங்கயும் பத்திக்கிச்சுன்னுதானே உங்களைக் கிளம்பச் சொன்னேன்? பயப்படாத, கேளு. கிளம்பறப்ப மீட்டரைப் பூஜ்யத்துல வைக்கச் சொன்னேனே, வச்சியா?

— வச்சேன். வாசல்ல இருந்து சரியா இருபது ஓடியிருக்கு.

— இருபதா? நாலால வகுத்தா அஞ்சு அலகு. நம்ம வாசல் பத்தொன்பதாவது அலகு. அப்ப நீங்க பதினாலுல நிக்கிறீங்க. நல்லதாப் போச்சு. பதினொண்ணுல இடது பக்கம் ஒரு கேட் வரும். உள்ள பெரிய குட்டை. சுத்தி ஒரு மரம் கிடையாது, ஆடு மேஞ்சு மேஞ்சு வெறும் மண்ணுதான். தண்ணிக்குள்ள இறங்கி உக்காந்துட்டீங்கன்னா தீ தாண்டிப் போயிரும்.

— அதுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

— மூணு அலகு. பன்னெண்டு கிலோமீட்டர். மீட்டர்ல முப்பத்திரண்டு வர்ற வரைக்கும் ஓட்டு.

— இந்தப் புகையில பன்னெண்டா? சத்தியமாச் சொல்றேன்க்கா, பத்தடிக்கு மேல ரோடே தெரியல.

— அம்மா, இங்கயே ஒரு கேட் இருக்கு. யாரோ ஃப்ரிட்ஜை வெளிய வச்சிருக்காங்க. உள்ள ஜூஸ் இருக்குமா?

— அது தபால் போடற பெட்டி, செல்லம். இந்த ரோட்டுல பாதிப் பேர் பழைய ஃப்ரிட்ஜைத்தான் கேட்டுல நிறுத்தி வச்சிருப்பாங்க. மாமாவைத் தொந்தரவு பண்ணாத. லாக்கி, கிளம்பு. ஃபோனை மட்டும் வச்சிராத.

— கிளம்பிட்டேன். இந்த வண்டி வேற, ஸ்டியரிங்கைத் திருப்பறதுக்குள்ள தோளே கழண்டுரும் போல இருக்கு.

— பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டு.

— மாமா, கங்காரு! எவ்வளவு கங்காரு!

— ஆமாக்கா, கூட்டம் கூட்டமா எதிர்ல ஓடி வருது. எல்லாம் நாங்க வந்த பக்கம் போகுது. ஒண்ணு கூட எங்க கூட வரலை.

— அதுங்க மிரண்டா எங்க வேணா ஓடும். மீட்டர் எவ்வளவு?

— இருபத்தொண்ணு.

— இன்னும் பதினொண்ணுதான். போ.

— அம்மா, மாமா அழறாரு.

— புகைடி அது. மாமாவுக்குக் கண்ணு எரியுது.

— எனக்கும்தான் எரியுது. நான் அழலையே.

— இருபத்திரண்டு. அக்கா... முன்னாடி சிவப்பா இருக்கு.

— இருக்காதுடா. தீ உங்களுக்குப் பதினாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

— கண்ணு முன்னாடி தெரியுதுங்கிறேன், இருக்காதுங்கிறியே! கண்ணாடியைத் தொட முடியல, அப்படிச் சுடுது. வண்டி மேல பொறி விழுது!

— அப்படி எப்படி... நிறுத்து, அங்கயே நிறுத்து. நான் போட்ட கணக்கு தப்பில்லையே. என் கார் மீட்டரும் ஒழுங்காத்தானே ஓடும்.

— உன் காரா? அது கிளம்பினாத்தானே! பேட்டரி செத்துக் கிடக்கு. கொட்டகைல உன் மாமனாரோட பழைய வண்டி நின்னுச்சே, அதைத்தான் எடுத்துட்டு வந்தேன்.

— ஐயோ! அதுல மைல்டா!

— என்ன மைலு?

— அந்தக் காலத்து வண்டிடா அது. கிலோமீட்டர் காட்டாது, மைல்தான் காட்டும். இருபது மைல்னா முப்பத்திரண்டு கிலோமீட்டர், எட்டு அலகு. நீ முதல்ல நிறுத்தி ஃபோன் பண்ணினியே, அதுதான் பதினொண்ணு. அந்த ஃப்ரிட்ஜ் நின்ன கேட்டுதான்டா குட்டைக்குப் போற கேட்! குட்டை வாசல்லயே நின்ன பிள்ளைய நானே கிளப்பி தீக்குள்ள அனுப்பிட்டேனே. திருப்பு! வண்டியைத் திருப்பு!

— திருப்பறேன், திருப்பறேன்... ரோடு எதுன்னே தெரியல. டெஸ், கீழ குனிஞ்சுக்கோ. இன்னும், இன்னும் கீழ.

— இப்ப மீட்டர் இருபத்திரண்டுதானே? இன்னும் ரெண்டு ஓடணும். இருபத்துநாலு வந்ததும் வலது பக்கம் பாரு.

— ரெண்டுன்னா எந்த ரெண்டு? மைலா?

— அந்த மீட்டர் காட்டற ரெண்டுடா! வகுக்காத, பெருக்காத, நம்பரை மட்டும் பாரு.

— பின்னாடி தீ ரோட்டைத் தாண்டிருச்சுக்கா. காத்தும் எங்க பக்கம்தான் அடிக்குது. துரத்திட்டே வருது... இருபத்துமூணு.

— டெஸ், அம்மாகிட்ட பேசிட்டே இரு.

— என்ன பேசறது?

— கிரகம் பேரெல்லாம் சொல்லு. உன் குரல் எனக்குக் கேட்டுட்டே இருக்கணும்.

— புதன், வெள்ளி, பூமி... அம்மா, மாமா ரொம்ப வேகமா ஓட்டறாரு.

— ஓட்டட்டும். அப்புறம்?

— செவ்வாய், வியாழன்...

— அப்புறம்? டெஸ்! லாக்கி, என்னடா சத்தம் அது? யாராவது பேசுங்களேன்! டெஸ், வியாழனுக்கு அப்புறம் என்ன? சனிதானே? சொல்லும்மா. சனின்னு சொல்லு.

— சனி இல்லம்மா. ஃப்ரிட்ஜ்! ஃப்ரிட்ஜ் வந்துருச்சு!