சிலோன்காரனுக்குக் கொடுத்த தண்ணீர்

என் பெயர் அத்தாயி. வயது நாற்பது இருக்கும். கணவர் பெயர் செல்லப்பன், தற்போது உயிருடன் இல்லை. சேலம் மாவட்டம், ஏற்காடு, செம்மநத்தம் போகும் பாதையில் உள்ள வெள்ளைப்பாறை எஸ்டேட்டில், கூலிக்காரர் குடியிருப்பான மேல் லைனில் கடைசி வீட்டில், பன்னிரண்டு வயது மகள் ரஞ்சிதத்துடன் குடியிருந்து கூலி வேலை செய்து வந்தேன். 1979-ஆம் வருடம் டிசம்பர் மாதம் நடந்த சம்பவம் பற்றி சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

நானும் என் கணவரும் இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எங்கள் தாத்தாமார் சேலம் ஜில்லாவிலிருந்து அங்கே போனவர்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், எந்த ஊர் என்று தெரியாது. அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்று ஏசுவார்கள். 1974-இல் பாஸ்போர்ட் கொடுத்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். அதன் பிறகு மண்டபம் முகாமில் சில காலம் இருந்துவிட்டு இந்த எஸ்டேட்டில் வந்து சேர்ந்தோம். இங்கே எங்கள் வீட்டுக்குச் சிலோன்காரன் வீடு என்று பெயர். என் கணவரைச் செல்லப்பன் என்று பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்களோடு வந்த இரண்டு குடும்பங்கள் பேச்சுத் தாங்காமல் கோத்தகிரிப் பக்கம் போய்விட்டன. என் கணவர் போக மறுத்தார். பழகினால் சரியாகிவிடும் என்று சொன்னார்.

போன வருடம் காப்பி விளைச்சல் குறைந்து வேலை நாட்களைக் குறைத்தார்கள். அப்போது கீழ் லைனில் குடியிருக்கும் வேலுசாமி என்பவர், "இந்தச் சிலோன்காரங்க வந்துதான் நம்ம பொழப்புல மண்ணு உளுந்துது" என்று எல்லோரும் கேட்கும்படி பேசினார். அதன் பிறகு பழம் பறிக்கும்போது எங்கள் வரிசைக்குப் பக்கத்து வரிசையில் யாரும் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி மட்டும் என்னோடு பேசுவாள். அவளுக்கு ஒரு கைக்குழந்தை உண்டு.

இரண்டு லைனுக்கும் மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் ஒரு சிமெண்டுத் தொட்டியில் விழும். இந்த மாதம் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தபோது தண்ணீரில் வாடை வந்தது. ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தொட்டியில் இறங்கிப் பாசியைத் தேய்த்துவிட்டு, வீட்டுக்கு வெள்ளையடித்தது போக மீந்திருந்த சுண்ணாம்பைப் போட்டார். நாங்கள் இருந்த தோட்டத்தில் அப்படிச் செய்வது வழக்கம். தண்ணீருக்கு வந்த பெண்களிடம், "ரெண்டு நாளைக்கு இதக் குடிக்க வேணாம், பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் குடுங்க" என்று சொன்னார். அவர்கள் மொண்டுகொண்டு போனார்கள்.

அதன் பிறகு இரண்டு லைனிலும் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பாப்பாத்தியின் குழந்தை கண் சொருகிக் கிடந்ததால் நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து ஏற்காடு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அது பிழைத்துக்கொண்டது. வேலுசாமியின் நாலு வயது மகளை வேப்பிலை அடித்து வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அது வியாழக்கிழமை இறந்துவிட்டது.

மறுநாள் காலை என் கணவர் வேலைக்குப் புறப்படும்போது வேலுசாமியும், அவருடைய மைத்துனர் நல்லமுத்துவும், மூக்கன் என்பவரும் வந்து அவரைச் சட்டையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போனார்கள். நான் மகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். இரண்டு லைன் ஆட்களும் அங்கே கூடிவிட்டார்கள்.

"ஏண்டா சிலோன்காரா, தொட்டில என்னத்தடா கலக்குன?" என்று வேலுசாமி கேட்டார்.

"சுண்ணாம்புதாங்க. தண்ணி சுத்தமாகட்டும்னு போட்டேன்" என்று என் கணவர் சொன்னார்.

"குடிக்க வேணாம்னு முன்னாலயே சொன்னியே, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று நல்லமுத்து கேட்டார். கூட்டத்தில் ஒருவர், எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் ஒன்றும் வரவில்லை என்றார். நாங்கள் காய்ச்சிக் குடித்தோம் என்று நான் கத்திச் சொன்னேன். அதன் பிறகு வேலுசாமி பாப்பாத்தியைப் பார்த்து, "எங்கூட்டுப் புள்ள செத்துப்போச்சு, ஒன் புள்ள மட்டும் எப்படி பொழச்சுது? நீயும் அவங்க கூட்டா?" என்று கேட்டார். அவள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அவளா வந்து தூக்கிட்டுப் போனா" என்றாள்.

வேலுசாமி ஒரு செம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு கொடுத்து, விஷம் இல்லை என்றால் குடி என்றார். என் கணவர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு வாயைத் துடைத்து, இப்போது நம்புகிறீர்களா என்பதுபோல எல்லோரையும் பார்த்தார். "ஒரு செம்புல என்னடா தெரியும்?" என்று நல்லமுத்து சொன்னார். அதன் பிறகு அவரை மண்டியிட வைத்து, நல்லமுத்து கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொள்ள, வேலுசாமி தாடையைப் பிடித்துத் திறக்க, மூக்கன் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை வாயில் வைத்துக் குடத்தோடு ஊற்றினார். எத்தனை குடம் என்று நான் எண்ணவில்லை. அவர் வாந்தி எடுத்தார். "விசத்தக் கக்குறான் பாரு" என்று சொல்லி மறுபடியும் ஊற்றினார்கள். நான் வேலுசாமியின் காலைப் பிடித்தேன். யாரோ என்னை முடியைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினார்கள். அது யார் என்று பார்க்கவில்லை. மூச்சு விடப் புனலை எடுத்தபோது என் கணவர், "போதுமுங்க, அங்கிட்டு விட்டுருங்க" என்றார். கூட்டத்தில் ஒருவர் எங்கள் தோட்டப் பேச்சைக் கேலி செய்து, அவர் குரலிலேயே "அங்கிட்டு, அங்கிட்டு" என்று சொல்லிக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். துக்க வீட்டுக்கு வந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவர் வயிறு உப்பிச் சட்டைப் பொத்தான் தெறித்தது. பேச்சு குழறியது. அதன் பிறகு கையும் காலும் வெட்டி இழுத்தன. விட்டுவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனார்கள். நானும் மகளும் அவரைப் போர்வையில் கிடத்தி ரோட்டுக்கு இழுத்துப் போனோம். பஸ் வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. கண்டக்டர் பிணத்தை ஏற்ற முடியாது என்று சொல்லி, போலீசுக்குத் தகவல் கொடுப்பதாகச் சொல்லிப் போனார். அன்று சாயங்காலம் போலீசார் வந்து பிணத்தைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள்.

மறுநாள் சுகாதார அதிகாரி வந்து பார்த்தார். காப்பிப் பழம் கழுவிய கழிவுநீர், வாய்க்கால் உடைந்து ஊற்றில் கலந்திருப்பதாகவும், அதனால்தான் குழந்தைகளுக்கு நோய் வந்தது என்றும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நல்லமுத்து, "அப்ப அந்த ஆளயும் தண்ணிதானுங்க கொன்னுருக்குது, நாங்க கொல்லலீங்களே" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

அதன் பிறகு எஸ்டேட் மேஸ்திரி சிங்கராயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. விசமில்லைனு காட்டறதுக்கு அவரா நெறையாக் குடிச்சுட்டாருன்னு போலீசுல சொல்லீரு. நம்ம சுடுகாட்டுலயே எடம் தரச் சொல்றேன். பொம்பளப் புள்ளய வெச்சுக்கிட்டு நீ இங்கதான பொழைக்கோணும்?" என்றார். ஒரு செம்புதான் அவராகக் குடித்தார், அதை மட்டும்தான் அப்படிச் சொல்வேன் என்றேன். "அப்ப சிலோன்காரனப் பொதைக்க இந்த மலைல எடமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே சேலம் ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்த பிறகு அவரை அந்த ஊர்ச் சுடுகாட்டிலேயே அடக்கம் செய்தோம். நானும் மகளும், குழி வெட்டிய இரண்டு பேரும் இருந்தோம்.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் வேறு பூட்டு தொங்கியது. சாமான்கள் பனியில் நனைந்து வெளியே கிடந்தன. அரிசியில் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். அதன் பிறகு மகளுடன் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஊற்றுவதற்குக் குடத்தில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தது யார் என்று சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார்கள். மூக்கன் புனலை விட்டு நகரவில்லை. பாப்பாத்திதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, குடம் காலியாக ஆக, தொட்டியில் அமுக்கி நிரப்பிக் கொடுத்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை. முதல் குடத்துக்கு மட்டும்தான் வேலுசாமி அவளை அதட்டினார். அடுத்த குடங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவளாகவே கொண்டுவந்தாள். அவள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(அத்தாயி, இடது கைப் பெருவிரல் ரேகை)