மூணாவது கேப்

— கையை எடுண்ணே. உள்ள இடைவெளி அளக்குற பிளாஸ்டிக் நூல் இருக்கு. கிராங்க் கொஞ்சம் திரும்பினாலும் அளவு போயிடும்.

— நான் எங்கே திருப்பினேன், இர்மெலி? ராடுதான் முறுக்குது. நீ போல்ட்டை இறுக்கினதும் கல்லு மாதிரி பிடிச்சுக்கிச்சு.

— ஒண்ணும் ரெண்டும் வழுக்கிட்டுப் போச்சே.

— அட விடு. கழட்டு. நூல் எவ்வளவு நசுங்கியிருக்குன்னு பாப்போம்.

— இந்தா பார். இந்த ஓரத்துல நசுங்கித் தாளாப் போயிருக்கு. அந்த ஓரத்துல தொடவே இல்ல, நூலு நூலாவே கிடக்கு.

— தூசி மாட்டியிருக்கும். துடைச்சுட்டு இன்னொரு தரம் போடு.

— ரெண்டு தரம் துடைச்சாச்சு. மூணு தரம் நூல் வெச்சாச்சு.

— அப்போ ராடு அடியில மாட்டுற கேப்பைத் திருப்பிப் போட்டிருப்பே.

— பதினெட்டு வருஷமா இறைச்சி ஆலையில எலும்பு மூட்டுல கத்தி விடுறவ நான். எது எந்தப் பக்கம்னு தெரியாதா எனக்கு? ராடுல மூணு புள்ளி. கேப்புல மூணு புள்ளி. ரெண்டும் ஒரே பக்கம் பாக்குது. நீ உளியால அடிச்ச புள்ளிதான். கண்ணாடியைப் போட்டுப் பார்.

— சரியாத்தானே இருக்கு.

— இப்போ ரெண்டும் சேர்ற இடத்துல நகத்தை ஓட்டிப் பார். தட்டுதா?

— தட்டுது.

— தட்டலாமா?

— கூடாது. ராடையும் கேப்பையும் ஒண்ணா மாட்டி வெச்சுத்தான் ஓட்டையைக் குடையுறாங்க. பொறக்கும்போதே ஜோடி. இது வேற ஜோடி.

— வேற எங்கேயிருந்து வரும்? நாலு ராடு, நாலு கேப்பு. மத்த மூணும் நகத்துல தட்டல. மூணு புள்ளி வெச்ச இன்னொரு கேப்பு எங்க இருக்கு? அண்ணே? ஏன் உக்காந்துட்டே?

— போன வாரம் வித்த சிவப்புக் கார்ல இருக்கு.

— விளையாடாதே.

— பிப்ரவரியில நீலம் சிவப்பு ரெண்டு காரோட என்ஜினையும் இதே மேசை மேல பிரிச்சோமே. ரெண்டும் ஒரே வகை. இதுக்கும் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் புள்ளி, அதுக்கும் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் புள்ளி. ரெண்டுக்கும் ஒரே உளி. ஒண்ணுக்குப் புள்ளியும் இன்னொண்ணுக்குக் கோடும் போட்டிருக்கலாம். எனக்குத் தோணல.

— எட்டு கேப்பையும் ஒரே வாளியில போட்டுக் கழுவினது நான்.

— அட விடு.

— விடு விடுன்னாதே! சிவப்பை மூடுறப்போ நூல் வெச்சுப் பாத்தியா?

— கையால சுத்திப் பாத்தேன். சுத்துச்சு.

— நூல் வெச்சியான்னு கேட்டேன்.

— நூல் தீந்துபோச்சு. மறுநாள் போட்டி. போன ஞாயித்துக்கிழமை அதை ஓட்டி ஜெயிச்சது நீதானே? ஒண்ணும் ஆகலயே?

— கடைசிச் சுத்துல எண்ணெய் விளக்கு மின்னுதுன்னு சொன்னேன். காலுக்குக் கீழே எதுவோ தட்டுதுன்னும் சொன்னேன். நீ என்ன சொன்னே?

— ஒயர் ஆடுதுன்னேன்.

— இன்னைக்கு அதுல ஹெல்வி ஏறுறா. நேத்து ஆலையில என் பக்கத்துல நின்னு அதையேதான் பேசிட்டிருந்தா. புருஷன் வாங்கிக் கொடுத்த காருன்னு அவ்வளவு சந்தோஷம். ராடு ஒடைஞ்சா என்ன ஆகும்?

— பக்கச் சுவரைப் பிச்சுக்கிட்டு வெளியே வரும். எண்ணெய் பூரா சைலன்ஸர் குழாய் மேல ஊத்தும். உனக்குத் தெரியும்.

— அவ உள்ள பெல்ட்டோட கட்டிக் கிடப்பா. மணி என்ன?

— பத்து முப்பத்தஞ்சு.

— பொம்பளைங்க ஓட்டம் பதினொண்ணுக்கு. மணல்குழி மைதானம் இங்கேயிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். போய்ச் சேர முடியாது. அவ புருஷன் கொர்ப்பேலாவுக்குப் போனைப் போடு.

— நம்ப மாட்டான்.

— ஏன் நம்ப மாட்டான்?

— போன வருஷம் ஹௌத்தாலாவை என்ன பண்ணேன்னு மறந்துட்டியா? போட்டி முடிஞ்சதும் ஓடின காரை வாங்க யார் வேணா சீட்டு எழுதிப் போடலாம், குலுக்கல்ல வந்தவனுக்கு விதியில சொன்ன விலைக்குக் காரைக் கொடுத்தே ஆகணும், மாட்டேன்னா ரேஸ் லைசென்ஸ் போச்சு. அவன் பேரு வந்துச்சு. எனக்கு மனசு வரல. கியர்பாக்ஸ்ல விரிசல், ஓட்டினே செத்தேன்னு பயமுறுத்தினேன். பயந்து திருப்பிக் கொடுத்தான். விரிசலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. ஊருக்கே தெரியும்.

— நம்பரைப் போடு. என் கை பூரா எண்ணெய். ஸ்பீக்கர்ல வை.

— அடடே, டாய்ஸ்தோ! வாய்யா. ஒரு வாரமாச்சே, இன்னும் நீ கூப்பிடலையேன்னு இப்பத்தான் ஹெல்விகிட்ட சொல்லிட்டிருந்தேன்.

— கொர்ப்பேலா, சிவப்புக் காரை நிறுத்து. மூணாவது ராடுல தப்பான கேப்பு இருக்கு. நீலக் காரோடது. மாறிப்போச்சு.

— கேப்பா? போன வருஷம் கியர்பாக்ஸ், இந்த வருஷம் கேப்பு. அடுத்த வருஷம் ஸ்டியரிங்கா?

— அது பொய். இது நிஜம். அதோட சரியான கேப்பு என் கையில இருக்கு.

— என் கையில தொத்திறைச்சி இருக்கு. கருகிட்டிருக்கு, சீக்கிரம் சொல்லு.

— கார் எனக்கு வேணாம்யா. நீயே வெச்சுக்கோ. இந்த நீலத்தையும் சும்மாவே எடுத்துக்கோ. ஹெல்வியை மட்டும் இன்னைக்கு ஏத்தாதே.

— ஒரு காரைத் திருப்பி வாங்க ரெண்டு காரா! அவ்வளவு நல்ல என்ஜினாய்யா அது? நான்தான் தெரியாம இருந்திருக்கேன்.

— கொர்ப்பேலா, நான் இர்மெலி. அவரு சொல்றது சத்தியம். போனை ஹெல்விகிட்ட கொடுங்க.

— அவ ஹெல்மெட் போட்டாச்சும்மா. நீ அண்ணனுக்காகப் பேசுறே, பேசத்தான் வேணும். வரிசையில கூப்பிடுறாங்க, வெச்சுடுறேன்.

— வெச்சுட்டான். பார், மறுபடி போட்டா எடுக்க மாட்டேங்கிறான்.

— சோதனை பாக்குற அர்வோவுக்குப் போடு. ராணுவத்துல உன்கூட ஒரே கூடாரத்துல படுத்தவரு. காரைத் தடுக்குற அதிகாரம் அவருக்குத்தானே?

— வித்தவன் வித்த காரைப் பத்தி என்ன குறை சொன்னாலும் காதுல வாங்கக் கூடாதுன்னு குளிர்காலச் சங்கக் கூட்டத்துல முடிவு பண்ணாங்க. என்னாலதான். நானும் வெக்கமில்லாம கை தூக்கினேன்.

— அப்போ எதைச் சொன்னாத்தான் நிறுத்துவாங்க? அண்ணே? பத்து நாப்பத்தெட்டு ஆச்சு.

— ஒண்ணு சொன்னா நிறுத்துவாங்க. ஸ்பீக்கரை அணைக்கிறேன்.

— எதுக்கு?

— கொஞ்சம் பொறு, இர்மெலி. அர்வோ? டாய்ஸ்தோ பேசுறேன். வெச்சுடாதே. சிவப்புக் கார், நாப்பத்தேழாம் நம்பர். விதி தெரியும். குறை சொல்லல, ஒப்புக்கறேன். மூணாவது ராடுல தப்பான கேப்பைப் போட்டது நான். தவறிப்போய் இல்ல. வேணும்னே. குலுக்கல்ல கொர்ப்பேலா பேரு வந்துச்சா, அன்னைக்கு ராத்திரியே அடியில படுத்து மாத்தினேன். அவன் கையில வெடிக்கட்டும்னுதான். ஆமா, எழுதிக்கோ. லைசென்ஸைத் தபால்ல அனுப்பிடுறேன். போலீஸையும் கூப்பிடு, வீட்டுலதான் இருப்பேன். முதல்ல கொடியைக் காட்டு, அர்வோ. நான் போன்லயே இருக்கேன்.

— அண்ணே, என்ன பேசுறே நீ? கழுவினது நான்! கலந்து போட்டது நான்!

— சும்மா இரு, காதுல விழல. என்ன அர்வோ? சரி. சரி. வெச்சுடுறேன்.

— நின்னுச்சா?

— வரிசையிலேருந்து தள்ளிட்டு வர்றாங்க. ஹெல்வி கத்திட்டிருக்காளாம்.

— கத்தட்டும். நல்லாக் கத்தட்டும். முப்பத்தொரு வருஷம் வெச்சிருந்த லைசென்ஸ்ண்ணே. நாளைக்கு நீ எப்படிக் கடைப்பக்கம் போவே? நான் அர்வோகிட்ட உண்மையைச் சொல்றேன், போனைக் கொடு.

— என்ஜினைப் பிரிச்சுப் பாத்தப்புறம் சொல்லு. இப்போ சொன்னா மறுபடி ஏத்திடுவாங்க.

— அவரு என்னண்ணே சொன்னாரு? ஒரே கூடாரத்துல படுத்தவரு. டாய்ஸ்தோ, நீ பொய் சொல்வே, ஆனா ஆளைக் கொல்லப் பாக்குறவன் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரே?

— இல்ல இர்மெலி. உடனே நம்பிட்டான்.